பிரெஞ்சுக் குடியரசும் பொதுவிடச் சிலைகளும்

பிரான்ஸ் நாட்டைப் பற்றி நம் காதர்பேட்டையில் எழும் பேச்சு பெரும்பாலும் ஒரே வினாவில் வந்து நிற்கிறது. "ஹஜ்ரத், அந்த நாட்டில் மதமே ஆகாதாமே, மெய்தானா?" என்று பனியன் வாணிகத்தில் ஈடுபட்டுள்ள இளைஞர்கள் ஜும்ஆ முடிந்து வெளிவரும்போது கேட்பதுண்டு. திருப்பூரிலிருந்து பின்னலாடை ஐரோப்பாவுக்குச் செல்கிறது. அங்கிருந்து செய்தி இங்கு வருகிறது. 2004இல் பள்ளிக்கூடங்களில் தலைத்துணிக்குத் தடை, 2020இல் கேலிச் சித்திரங்கள் பற்றிய கொந்தளிப்பு, 2023இல் அபாயா அங்கிக்குத் தடை, 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் எழுந்த சர்ச்சை ஆகிய யாவும் ஒன்றாகக் கலந்து, "மதப் பகை நாடு" என்னும் ஒரு சொல்லாகி நம்மவர் நெஞ்சில் தங்கிவிட்டன. அச்சொல் முழுப் பொய்யன்று, முழு மெய்யுமன்று. அதனைச் சட்ட நூலைக் கொண்டு ஆராய்வதைவிட, அந்நாட்டார் தம் தெருக்களிலும் பிறர் தெருக்களிலும் நிறுத்திய சிலைகளைக் கொண்டு ஆராய்வது தெளிவு தரும் என்று கருதுகிறோம். உருவங்களுக்கு இடம் தராத மார்க்கத்தைச் சார்ந்த நாம் சிலைகளின் வரலாற்றை எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சிலையை வணங்காதவனுக்குத்தான் அது எதற்காக நிறுத்தப்பட்டது என்பது சற்று எளிதாகப் புலப்படுகிறது!

முதலில் சொல்லைப் பார்ப்போம். பிரெஞ்சுக்காரர் "லாயிசித்தே" என்கின்றனர். மக்கள் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்து, குருமார் அல்லாத பொதுமக்களைக் குறிக்கத் திருச்சபையே வழங்கிய சொல்லின் வழிவந்தது அது. கீழ்த்திசை அரபு நாடுகளில் இதனை "அல்மானிய்யா" என்று பெயர்த்தனர். பிரெஞ்சு ஆட்சியை நேரில் கண்ட தூனிசியாவிலும் அல்ஜீரியாவிலுமோ, பெயர்ப்பை நம்பாமல் மூலச் சொல்லையே அரபு எழுத்தில் வார்த்து "லாஇகிய்யா" என்றனர். நம் தமிழில் "மதச்சார்பின்மை" என்கிறோம். நம் நாட்டில் அச்சொல்லுக்கு எல்லாச் சமயத்தாரையும் ஒருப்போல் மதித்தல் என்பது பொருள். பிரெஞ்சுக்காரரின் பொருள் வேறு. அது ஒரு நெடிய குடும்பச் சண்டையின் முடிவில் எழுதப்பட்ட பாகப் பிரிவினைப் பத்திரம்.

அச்சண்டை கத்தோலிக்கத் திருச்சபைக்கும் குடியரசுக்கும் இடையே நடந்தது. 1801இல் நெப்போலியன் போப்பாண்டவருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி குருமாருக்கு அரசே ஊதியம் அளித்து வந்தது. குருமார் பலர் மன்னராட்சியை விரும்பினர். குடியரசினர் குருமாரை வெறுத்தனர். 1882இல் அரசுப் பள்ளிகளிலிருந்து சமயப் பாடம் நீக்கப்பட்டது. 1904இல் நீதிமன்றங்களிலிருந்து சிலுவைகள் இறக்கப்பட்டன. 1905 டிசம்பர் 9ஆம் நாள் அரசையும் திருச்சபையையும் பிரிக்கும் சட்டம் நிறைவேறியது. குடியரசு மனச்சான்றின் உரிமையைக் காக்கும் என்பது அதன் முதற்பிரிவு; எந்தச் சமய வழிபாட்டையும் அரசு ஏற்பதுமில்லை, அதற்கு ஊதியமோ உதவித்தொகையோ தருவதுமில்லை என்பது இரண்டாம் பிரிவு. நம் பொருளுக்கு வேண்டியது 28ஆம் பிரிவாகும். பொது நினைவுச் சின்னங்களிலோ பொதுவிடங்களிலோ இனிமேல் சமய அடையாளம் எதனையும் எழுப்பலாகாது என்று அது விதிக்கிறது. வழிபாட்டிடங்கள், இடுகாடுகள், கல்லறை நினைவுகள், அருங்காட்சியகங்கள், கண்காட்சிகள் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு.

"இனிமேல்" என்ற சொல்லில்தான் உயிர் இருக்கிறது. பழையதை இடிக்கச் சட்டம் சொல்லவில்லை. பாரிஸ் நகரில் பெருமக்களின் உடல்களை அடக்கம் செய்யும் பாந்தியோன் மண்டபம் முதலில் தேவாலயமாகக் கட்டப்பட்டது, புரட்சியின்போது மாற்றப்பட்டது, பிறகு இரு பக்கமும் பலமுறை கைமாறி, 1885இல் விக்டர் ஹியூகோவை அங்கு அடக்கம் செய்தபோது நிலையாகக் குடியரசின் வசமாயிற்று. ஆயினும் அதன் குவிமாடத்தின் உச்சியில் இன்றும் சிலுவை நிற்கிறது.

சிலுவை எழுப்புவதை நிறுத்திய குடியரசு, அதற்கு முன்பே தனக்கென ஓர் உருவத்தை அமைத்துக்கொண்டது. குடியரசையே ஒரு பெண்ணாக உருவகித்து "மரியான்" என்று பெயரிட்டனர். 1883இல் பாரிஸின் குடியரசுச் சதுக்கத்தில் மோரிஸ் உடன்பிறப்புகள் அமைத்த பெரும் வெண்கல மரியான், கையில் ஒலிவக் கிளையுடன் நிற்கிறாள். பீடத்தைச் சுற்றிலும் விடுதலை, சமத்துவம், உடன்பிறப்புணர்வு ஆகிய மூன்றும் பெண்ணுருவங்களாக அமர்ந்திருக்கின்றன. நகர மன்றங்களில் மாதாவின் உருவம் இருந்திருக்கக்கூடிய இடத்தில் மரியானின் மார்பளவுச் சிலை இருக்கிறது. தவ்ஹீதைக் கற்ற கண்ணுக்கு இது ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்த கதையாகவே படுகிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மரியானைக் கும்பிடும்படி எவரையும் எவரும் கட்டாயப்படுத்தவில்லை.

சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறதா என்பதற்குப் பிரித்தானிப் பகுதியிலுள்ள புளோயெர்மெல் என்னும் சிற்றூர் சான்று. சிற்பி சுராப் செரெத்தேலி அன்பளித்த போப் இரண்டாம் ஜான் பாலின் பெருஞ்சிலை ஒன்று 2006இல் அவ்வூர்ப் பொதுச் சதுக்கத்தில் நிறுவப்பட்டது. சிலைக்கு மேல் ஒரு வளைவு. வளைவின் மேல் ஒரு சிலுவை. வழக்குப் பல ஆண்டுகள் நடந்து, 2017 அக்டோபர் 25இல் பிரான்ஸின் உயர் நிர்வாக நீதிமன்றமான அரசு மன்றம் தீர்ப்பளித்தது: போப்பாண்டவர் நிற்கலாம், சிலுவை இறங்க வேண்டும் என்பது அதன் சாரம். வரலாற்று மனிதர் என்ற முறையில் அவர் உருவம் குற்றமன்று. அவர் தலைக்கு மேலுள்ள சமய அடையாளமே குற்றம். உடனே போலந்து நாட்டுத் தலைமை அமைச்சர் பெயாத்தா ஷித்வோ, அச்சிலையைத் தம் நாட்டுக்குத் தந்துவிடும்படி கேட்டார். முடிவில் ஊரார் 2018இல் சிலையைச் சிலுவையோடு அருகிலிருந்த தனியார் நிலத்துக்கு மாற்றிக்கொண்டனர். சில அடி தொலைவு நகர்ந்ததும் குற்றம் நீங்கிற்று.

லே சாப்ல் தொலோன் என்னும் கடலோர ஊரிலும் இதே கதைதான். அங்குத் தேவாலயத்தின் முன்னுள்ள பொதுச் சதுக்கத்தில் 2018இல் மிக்காயீல் வானவரின் சிலை வைக்கப்பட்டது. 2022இல் நகராட்சி மக்களிடம் கருத்துக் கேட்டபோது, வாக்களித்தோரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டோர் சிலை இருக்கட்டும் என்றனர். நீதிமன்றங்கள் அசையவில்லை. பெரும்பான்மையின் விருப்பம் வேறு, பொதுவிடத்தின் நடுநிலை வேறு என்று நின்ற அவ்வுறுதியைச் சிறுபான்மையினராகிய நாம் சற்று நின்று நோக்க வேண்டும். அந்தச் சட்டம் பெரும்பான்மைச் சமயத்தின் மேலேயே கை வைக்கிறது. முஸ்லிம்களை வருத்துவதற்கென்றே அது பிறந்தது என்று கூறுவார் இந்த இரண்டு ஊர்களின் பெயரையும் அறியாதவர்.

இவ்வளவும் பிரான்ஸின் வீட்டுக்குள் நடந்தது. கடல் கடந்தபோது கதை வேறாயிற்று. 1905ஆம் ஆண்டுச் சட்டம் குடியேற்ற நாடுகளுக்குத் தானாகச் செல்லாது. தனி ஆணை வேண்டும் என்று அதன் 43ஆம் பிரிவே சொல்லிற்று. அல்ஜீரியாவுக்கு 1907இலும், மார்த்தினிக், குவாதலூப், ரெயூனியோன் தீவுகளுக்கு 1911இலும் ஆணை பிறந்தது. அந்த வரிசையில் நம் புதுச்சேரியையும் காரைக்காலையும் காணோம். பிரெஞ்சுக் காவல் நாடாக இருந்த தூனிசியாவும் அதற்கு வெளியே நின்றது.

தூனிஸ் நகரின் பழைய மதீனாவுக்குள் நுழையும் கடல் வாயிலாகிய பாபுல் பஹ்ருக்கு எதிரே, 1925இல் பிரெஞ்சு ஆட்சியாளர் ஒரு சிலையை நிறுத்தினர். கையில் சிலுவை ஏந்திய கர்தினால் லாவிஜெரியின் சிலை அது. அவர் பிறந்த நூறாம் ஆண்டு நினைவு என்று காரணம் கூறினர். ஜைத்தூனாப் பள்ளிவாசலில் மார்க்கம் கற்கும் மாணவர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் வாயில் அது. தன் வீட்டில் புதிய சிலுவை எழுப்பலாகாது என்று இருபது ஆண்டுகளுக்கு முன் சட்டம் செய்த அதே குடியரசு, மாற்றார் வீட்டு வாசலில் சிலுவையைக் கொண்டு நட்டது! மாணவர்கள் திரண்டு எதிர்த்தனர். 1930இல் கர்த்தாஜில் கத்தோலிக்கப் பெருமாநாடு ஒன்றும் அரசின் துணையுடன் நடந்து, அப்புண்ணை மேலும் கிளறியது. தூனிசியரின் விடுதலை உணர்வு வளர்ந்த வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் விடாமல் குறிப்பிடுவர். விடுதலைக்குப் பின் கர்தினால் சிலை அகற்றப்பட்டது. இன்று தூனிஸ் நகரின் விடுதலைச் சதுக்கத்தில், தேவாலயத்துக்கு எதிரே, ஹிஜ்ரி 732இல் அந்நகரில் பிறந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூனின் சிலை நிற்கிறது. சுபைர் துர்க்கி என்னும் ஓவியர் 1978இல் அமைத்தது. தேவாலயத்தை எவரும் இடிக்கவில்லை.

அல்ஜீரியாவில் நடந்தது இன்னும் விந்தை. 1830இல் நாட்டைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் வக்ஃபு சொத்துகளை எடுத்துக்கொண்டனர். அல்ஜியர்ஸின் கெத்சாவாப் பள்ளிவாசலைத் தேவாலயமாக்கினர். அது 1962இல்தான் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. 1907இல் பிரிவினைச் சட்டம் அங்குப் பெயரளவில் வந்தபோதும், இமாம்களுக்கு அரசுப்படி வழங்கும் முறையையும் பள்ளிவாசல்கள்மீதான பிடியையும் ஆட்சியாளர் விடவில்லை. இமாமின் ஊதியம் அரசின் கையில் இருந்தால் மிம்பரின் சொல்லும் அரசின் கையில் இருக்கும் அல்லவா? 1931இல் அப்துல் ஹமீது இப்னு பாதீஸ் அவர்களின் தலைமையில் தோன்றிய அல்ஜீரிய உலமாச் சங்கம், திருச்சபைக்குச் செய்தது போல இஸ்லாத்தையும் அரசின் பிடியினின்று பிரித்துவிடுக என்று கோரிற்று. லாயிசித்தே வேண்டும் என்று கேட்டவர்கள் ஆலிம்கள். தர மறுத்தவர்கள் அதனைப் படைத்தவர்கள். இச்செய்தியை நம் மதரஸா மாணவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும் என்பது நம் ஆசை.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். பிரெஞ்சுச் சிலைக் கலையைத் தமிழர் நேரில் கண்ட இடம் புதுச்சேரி. 1742 முதல் 1754 வரை அங்கு ஆளுநராக இருந்த டூப்ளேக்கு 1870இல் வெண்கலச் சிலை எழுந்து, கடற்கரையின் பெருமைக்குரிய இடத்தில் நின்றது. சிலையின் பீடத்தில் எழுதப்படாத ஒரு செய்தி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது. 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த வேளையில், டூப்ளேயின் ஆட்சியில், பாதிரிமார் முன்னிற்க வேதபுரீஸ்வரர் கோயில் இடித்துத் தள்ளப்பட்டது. பள்ளிவாசலிலும் கை வைக்க முனைந்தபோது, சிப்பாய்ப் படையின் தலைவர் அப்துர் ரஹ்மான் ஆளுநரிடம் சென்று, பள்ளிக்குத் தீங்கு நேர்ந்தால் சிப்பாய்கள் அவ்விடத்திலேயே மடிவரே அன்றிப் பொறுத்திருக்க மாட்டார்கள் என்று உரைக்க, இடிப்பு நிறுத்தப்பட்டது. இதனைப் பெருமையாகப் பேசுவோர் நம்மில் உண்டு. நாம் அவ்வாறு பேச மாட்டோம். பள்ளிவாசலைக் காத்தது நீதியன்று, கையிலிருந்த துப்பாக்கி. துப்பாக்கி இல்லாத அண்டை வீட்டாரின் கோயில் அதே நாட்களில் மண்ணாயிற்று. அல்ஹஜ் அத்தியாயத்தின் நாற்பதாம் வசனம் மடங்களையும் தேவாலயங்களையும் யூதர் ஆலயங்களையும் பள்ளிவாசல்களோடு சேர்த்தே பெயர் சொல்கிறது என்பதை எண்ணிப் பார்க்கையில், அந்தப் பெருமை நாவில் நிற்பதில்லை.

டூப்ளே முடியாட்சிக் காலத்தவர்; அவர் செயலைக் குடியரசின் தலையில் கட்டலாகாது என்று கூறலாம். ஏற்கிறோம். ஆனால் அவர் சிலையை 1954 வரை கடற்கரையில் காத்து நின்றது அக்குடியரசுதான். 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் முடிந்தது. டூப்ளே இன்று கடற்கரைச் சாலையின் தென்கோடியில் ஒரு பூங்காவுக்குள் ஒதுங்கி நிற்கிறார். கடற்கரையின் நடுவிடத்தில், செஞ்சியிலிருந்து கொணர்ந்த கல்தூண்கள் சூழக் காந்தியடிகள் நிற்கிறார்.

புதுவை மக்கள் கப்ஸ் கோயில் என்று வழங்கும் மாதா கோயிலுக்கு எதிரே, 1920களில் நிறுவிய ஜான் ஆஃப் ஆர்க்கின் பளிங்குச் சிலை இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு, எரிக்கப்பட்ட கன்னி அவள். 1920 மே மாதம் போப்பாண்டவர் அவளைப் புனிதர் என்று அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில் பிரெஞ்சு நாடாளுமன்றம் அவளுக்கெனத் தேசிய விழா நாளைச் சட்டமாக்கியது. திருச்சபைக்கு அவள் புனிதை, குடியரசுக்கு வீராங்கனை. தேவாலய வாசலில் நிற்கும் அச்சிலை இவ்விரண்டில் எது என்று கேட்டால் இரு தரப்பும் தத்தமது என்றே கூறும். பாரிஸில் வழக்காகக்கூடியது புதுவையில் பூந்தோட்டமாயிற்று.

இவற்றினும் நம் மனத்துக்கு உகந்தது ஆயி மண்டபம். ஆயி என்னும் கணிகை தன் வீட்டை இடித்து ஊருக்குக் குளம் வெட்டுவித்தாள் என்பது மக்கள் வழக்கு. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவந்தபோது, அவள் பெயரால் கிரேக்க ரோமானியப் பாணியில் வெண்மண்டபம் எழுந்தது. எந்தச் சமயத்தவரும் தாகம் தீர்த்துக்கொள்ளும் நீருக்காகக் கட்டிய அதுவே இன்று புதுச்சேரி அரசின் முத்திரையாக இருக்கிறது. ஆளுநர்களின் வெண்கலத்துக்கு அந்தப் பேறு கிட்டவில்லை.

பிரான்ஸ் முஸ்லிம்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்பதும் பிழை. முதல் உலகப் போரில் பல்லாயிரம் முஸ்லிம் வீரர்கள் பிரான்ஸுக்காக மடிந்தனர். 1920 ஆகஸ்ட் 19ஆம் நாள் ஒரு சட்டத்தின் வழியாக ஐந்து லட்சம் பிராங்கு ஒதுக்கப்பட்டது. வழிபாட்டிடத்துக்குப் பணம் தரச் சட்டம் இடம் கொடாது என்பதால் "முஸ்லிம் கல்வி நிலையம்" என்ற பெயரில் அது சென்றது. மொரோக்கோவின் கைவினைஞர்கள் ஓடு பதித்து அழகுசெய்த பாரிஸ் பெரிய பள்ளிவாசலை 1926 ஜூலை 15இல் மொரோக்கோ சுல்தான் முன்னிலையில் குடியரசுத் தலைவர் தூமெர்க் திறந்து வைத்தார். நன்றிக்கடனும் உண்டு, காலனி நாடுகளை மகிழ்விக்கும் அரசியலும் உண்டு. இரண்டையும் பிரித்தெடுப்பது எளிதன்று.

இங்குத்தான் நம் இளைஞர்களின் வினாவுக்கு விடை கூற வேண்டும். 1905ஆம் ஆண்டுச் சட்டம் அரசைக் கட்டுப்படுத்தியது. அரசின் சுவர், அரசின் சதுக்கம், அரசின் பணம் ஆகியவற்றில் சமயம் கூடாது என்றது. வீட்டிலும் தெருவிலும் மனிதன் தன் சமயத்தோடு நடக்கலாம். நூறு ஆண்டு நெருங்குகையில், 2004 மார்ச் 15ஆம் நாள் வந்த சட்டம் அரசுப் பள்ளியில் பயிலும் மாணவர் வெளிப்படையான சமய அடையாளம் அணியலாகாது என்றது. அதாவது கல்லுக்கு எழுதிய விதி துணிக்கு மாற்றப்பட்டது. அரசைக் கட்டிய கயிறு பத்து வயதுப் பெண் குழந்தையின் தலையைச் சுற்றியது. ஆசிரியை அரசின் ஊழியர், அவருக்கு விதி இருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. மாணவி அரசின் ஊழியர் அல்லள். சதுக்கத்துச் சிலையும் அல்லள். சிலுவைக்கும் சீக்கியர் தலைப்பாகைக்கும் அதே விதிதானே என்பர். சட்டத்தின் எழுத்தில் அப்படித்தான். ஆனால் கட்டாயக் கடமையெனக் கருதி அணியும் ஆடைக்கும், விரும்பினால் சட்டைக்குள் மறைத்துக்கொள்ளும் பதக்கத்துக்கும் விழும் சுமை ஒன்றா? 2023இல் அபாயாவுக்குத் தடை வந்தபோது, நீண்ட அங்கி எந்த அளவில் சமய ஆடையாகிறது என்று பள்ளி வாயிலில் நின்று அளக்க வேண்டியதாயிற்று. துணி வாணிகம் செய்யும் ஊரில் இருக்கும் நமக்கே அந்த அளவுகோல் பிடிபடவில்லை.

2024 ஜூலை 26ஆம் நாள் ஒலிம்பிக் தொடக்க விழாவில், தலைத்துணி அணியும் பிரெஞ்சு ஓட்ட வீராங்கனை சுன்கம்பா சில்லா தொப்பி ஒன்றை அணிந்தே கலந்துகொள்ள நேர்ந்தது. அதே விழாவில் ஈஸா (அலை) அவர்களின் இறுதி இரவுணவைக் காட்டும் ஓவியத்தை நினைவூட்டும் காட்சி இடம்பெற்றதெனக் கிறித்தவ உலகம் புண்பட்டது, அல்அஸ்ஹரும் கண்டித்தது. அது கிரேக்கத் தெய்வங்களின் விருந்து என்று இயக்குநர் விளக்கினார். அமைப்பாளர்கள் வருத்தம் தெரிவித்தனர். வீராங்கனையின் தலைத்துணியில் சமயத்தைக் கண்டவர்கள், மேடைக் காட்சியில் அதனைக் காணவில்லை என்றதை வெளிநாட்டார் நம்ப மறுத்ததில் வியப்பில்லை.

எனினும் தெரு இன்றும் திறந்தே இருக்கிறது. பாரிஸில் 1985இல் தோன்றிய மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் ஆண்டுதோறும் நகர வீதிகளில் ஓடுகிறது; தேங்காய்கள் நடுத்தெருவில் உடைகின்றன; காவலர்கள் வழி ஒழுங்கு செய்கின்றனர். வந்து போகும் தேருக்கு 28ஆம் பிரிவில் தடையில்லை. நிலைத்து நிற்கும் சின்னத்துக்கே தடை.

நம் மாநிலத்தில் முறை வேறு. 1968 சனவரியில் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவிய சிலைகளுள் போப், கால்டுவெல், வீரமாமுனிவர் ஆகிய மூவரும் கிறித்தவப் பணிக்கென வந்தவர்கள். தமிழ்த் தொண்டுக்காக நிற்கின்றனர். அதே ஆண்டில் அரசு அலுவலகங்களிலுள்ள கடவுள் படங்களைப் படிப்படியாக நீக்கும்படி அண்ணாவின் ஆட்சி சுற்றறிக்கை அனுப்பிற்று. முஸ்லிம் புலவர் எவருக்கும் அங்குச் சிலை இல்லை. வேண்டும் என்று நாம் கேட்கப்போவதும் இல்லை. உமறுப் புலவருக்கு எட்டயபுரத்தில் 2007இல் தமிழக அரசு மணிமண்டபம் அமைத்தது. அதுவே நமக்கு ஏற்ற மரியாதை.

அக்கடற்கரையில் நிற்கும் வள்ளுவர் பிரான்ஸுக்கும் சென்றுவிட்டார். பாரிஸை அடுத்த செர்ஜி நகரில் 2023 டிசம்பரில் தமிழர்கள் வள்ளுவர் சிலையை நிறுவினர். புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சைகோன் வழியாகச் சென்று பிரான்ஸில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் அந்நாட்டில் பலர், ஈழத்தமிழரும் பலர். நீறும் நாமமும் இன்றி வள்ளுவரை வரைந்த ஓவியர் வேணுகோபால் சர்மா, எந்தச் சமயத்தாரும் தம்மவர் என்று கூறத்தக்கவாறு அவ்வுருவத்தை அமைத்தார். இங்கோ 2019இல் வள்ளுவருக்குக் காவி உடுத்திப் படம் வெளியிட்டனர். நீண்ட வாதம் நடந்தது. சர்மாவின் படத்தை 1964இல் சென்னைச் சட்டமன்றத்தில் திறந்து வைத்தவர் அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் ஜாகிர் உசேன்.